மேடமும் இரண்டாவது குழியும்

அந்தப் படத்தில் என் முகம் இல்லை. முட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும், செம்மண் அப்பிய கால்கள், ஒரு குழிக்குள் நிற்கின்றன. பக்கத்தில் ஆழம் காட்டும் அளவு நாடா தொங்குகிறது. மைசூரு ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை. அதன் கம்ப்யூட்டர் பிரிவில் மேடத்தின் கோப்புக்குள், இரண்டாவது கேபிள் வேறு தெரு வழியாகத்தான் போகிறது என்பதற்குச் சாட்சியாக அந்தப் படம் இருந்தது. பொய்ச் சாட்சி. அந்தத் தெருவில் நாங்கள் முழு ஆழத்துக்கு வெட்டியது அந்த ஒரு குழிதான். நாலடி நீளம். படம் எடுத்து முடிந்ததும் மூடிவிட்டோம்.

எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். அதற்குப் பிறகு திருப்பூரில் பனியன் கம்பெனி, பாலக்காட்டில் செங்கல் சூளை, கோவாவில் ஹோட்டல் சமையலறை என்று போய்க்கொண்டே இருந்தேன். ஓரிடத்தில் இரண்டு வருடம் இருந்தால் மூன்றாவது வருடம் கால் தானாகக் கிளம்பிவிடும். நாற்பதை நெருங்கும்போது மைசூருக்கு வந்து கேபிள் பதிக்கும் குழு ஒன்றில் சேர்ந்தேன். மேஸ்திரிக்கு என் வயதுதான். ஹனூர் பக்கம், என் ஊருக்கு அடுத்த ஊர். என்னை ‘ஊர்சுத்தி’ என்றுதான் கூப்பிடுவார். தகரக் கொட்டகையில் ஒன்பது பேர் தங்கியிருந்தோம். கேபிள் சுற்றிவரும் மர உருளைகளைப் பிரித்து, பலகையாக்கி, அதன்மேல் படுத்தோம். மழை பெய்தால் தண்ணீர் பலகைக்குக் கீழேயே ஓடிவிடும். வசதிதான்.

அந்தத் தொழிற்சாலை வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்வது. எந்தப் பாகம் எத்தனை இருக்கிறது, எது யாருக்குப் போக வேண்டும் என்கிற விவரமெல்லாம் உள்ளே ஒரு குளிர் அறையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. அதையெல்லாம் கிளவுடுக்கு, அதாவது வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்களுக்கு, மாற்றப் போகிறார்கள் என்றும், அதற்காகத் தொழிற்சாலையிலிருந்து நேராக ஒரு லைன் போடுகிறோம் என்றும் எங்களுக்குச் சொன்னவர் அந்த மாற்றத்துக்குப் பொறுப்பான மேடம்தான். மற்ற இடங்களில் குழி வெட்டுகிறவனிடம் யாரும் எதற்கு வெட்டுகிறோம் என்று சொல்வதில்லை. மேடத்துக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். மேலுகோட்டைப் பக்கத்து ஐயங்கார் குடும்பம். வீட்டில் ஏதோ பழைய தமிழ், வெளியே கன்னடம், ஆபீஸில் இங்கிலீஷ். எங்களோடு பேசும்போது மூன்றும் கலந்து வரும். என்னைவிடப் பத்து வயது சின்னவர். என்னை அண்ணா என்பார்.

சாதாரண இன்டர்நெட் இருக்கும்போது இது எதற்கு என்று ஒருநாள் கேட்டேன். வாசலில் அப்போது ஷிப்ட் மாறும் நேரம். ரோட்டில் போய்க்கொண்டிருந்த பஸ்களைக் காட்டினார். “அது சிட்டி பஸ் அண்ணா. யார் வேணா ஏறலாம், எங்கே வேணா நிக்கும். இது கம்பெனி பஸ். இந்தக் கேட்ல ஏறினா அந்தக் கேட்லதான் இறங்கணும், நடுவுல ஒருத்தரும் ஏறமாட்டா.” உள்ளே ஒரு ஆள் பெட்டியின் ஸ்டிக்கரைக் கருவியில் காட்டினால், கேள்வி அந்தத் தூரத்து ஊருக்குப் போய், கையை எடுப்பதற்குள் பதில் வந்துவிட வேண்டும். தாமதமானால் வரிசையே நிற்கும். லைன் அறுந்தால் மூன்று ஷிப்டும் நிற்கும். அதனால்தான் இரண்டு கம்பெனிகளிடம் இரண்டு லைன், இரண்டு வேறு தெரு. ஒன்றை யாராவது வெட்டினாலும் மற்றொன்று ஓடும். பழைய ஆட்கள் பலருக்கு இந்த மாற்றத்தில் நம்பிக்கை இல்லை. மேடம்தான் பிடிவாதமாக நின்று, இரண்டு வழி இருக்கிறது, ஓட்டம் நிற்காது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

இரண்டு கம்பெனிகளும் ஒன்றுக்கொன்று தெரியாமல் எங்கள் மேஸ்திரியிடமே வேலையைக் கொடுத்தன. முதல் லைனை முன்பக்க ரோட்டில் பதித்தோம். இரண்டாவது பின் தெரு வழியாகப் போக வேண்டும். அங்கே ஒரு சாண் ஆழத்தில் பாறை. இரண்டு நாள் கடப்பாரை போட்டு உள்ளங்கை எல்லாருக்கும் உரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு: பதித்த பைப்பில் இடம் இருந்தால் புதுக் குழி வெட்டமாட்டோம். அதைத் தப்பு என்று யாரும் நினைத்ததில்லை. மேஸ்திரி பாறையைப் பார்த்தார், எங்கள் கைகளைப் பார்த்தார். இரண்டாவது கேபிளையும் முன்பக்கப் பைப்பிலேயே இழுத்துவிட்டோம். கயிறு பிடித்து இழுத்தவன் நான். படத்துக்காகப் பின் தெருவில் பாறை இல்லாத இடமாகப் பார்த்து இறங்கி நின்றவனும் நான்.

வேலை முடிந்த வாரம் மேடம் ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கில் புளியோதரை கொண்டுவந்தார். அவருடைய அம்மா செய்தது. பண்டிகை நாளிலும் நாங்கள் வேலை செய்தோம் என்று அம்மா கேள்விப்பட்டுக் கொடுத்து அனுப்பினாராம். கேட்டுக்குப் பக்கத்து மரத்தடியில் வாழை இலைத் துண்டுகளில் அவரே போட்டார். எங்கள் பையன் ஒருவன், இவ்வளவு எண்ணெயில் கேபிளே வழுக்கிக்கொண்டு போயிருக்கும் என்றான். மேடம் எல்லாரையும்விட அதிகம் சிரித்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பழைய கம்ப்யூட்டரை அணைத்துவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, “ரெண்டு வழி இருக்கு. நேத்திக்குத்தான் நிம்மதியாத் தூங்கினேன்” என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் நல்லவன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பல ஊர்களில் பல பொய்களைச் சாப்பாட்டோடு விழுங்கியிருக்கிறேன். அந்த இடங்களில் எதை நம்பி யார் தூங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. இங்கே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் கை கழுவப் போனதும் சொன்னேன். “ரெண்டும் ஒரே பைப்புலதானுங்க மேடம் போகுது. அந்தப் போட்டோவுல இருக்கற காலு என்னோடதுங்க.”

“ஹௌதா?”, அப்படியா, என்று மட்டும் கன்னடத்தில் கேட்டார். பிறகு என் கால்களைக் குனிந்து பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். முன்பக்க ரோட்டில் சிமென்ட் மூடி போட்ட தொட்டி ஒன்று உண்டு. அதைத் திறந்து காட்டச் சொன்னார். ஆபீஸ் செருப்போடு சேற்றில் குந்தி உட்கார்ந்து உள்ளே பார்த்தார். ஒரே பைப்பின் வாயிலிருந்து இரண்டு கறுப்புக் கேபிள்கள் வந்துகொண்டிருந்தன. வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. கடைசியில், “நீங்க சொன்னதா நான் சொல்லமாட்டேன். உங்களுக்கு அந்த வேலை வேணும் இல்லையா?” என்றார். தன் வேலையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

என் பெயரைச் சொல்லாமல் எப்படி நிரூபித்தார் என்பதை மேஸ்திரி வந்து சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கேபிளின் ஒரு முனையில் வெளிச்சம் அனுப்பி, எத்தனையாவது மீட்டரில் ஜாயின்ட் இருக்கிறது, எங்கே வளைகிறது என்று கோடு போட்டுக் காட்டும் ஒரு கருவி உண்டு. இரண்டு கம்பெனிகளும் அந்தத் தாள்களை முன்பே கொடுத்திருந்தன. மறுநாள் கூட்டத்தில் மேடம் இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தாராம். முதல் முந்நூறு மீட்டருக்கு மேடும் பள்ளமும் ஒன்றின் மேல் ஒன்று அப்படியே விழுந்தன. மேஸ்திரியையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள்.

“அந்தப் பொண்ணு நம்ம மேல ஒரு வார்த்தை சொல்லலடா” என்றார் மேஸ்திரி. “தாள் ரெண்டும் எங்கிட்டயேதான் இருந்துச்சு, சேத்து வெச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்புன்னு சொல்லிருச்சு.” கொட்டகைக் கம்பத்தில் சாய்ந்து கொஞ்சநேரம் பீடி பிடித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: “ஊர்சுத்தி, நாளைக்குப் பாறையில முதல் கடப்பாரை நீதான் போடற.”

போட்டேன். பின் தெருப் பாறை எங்களை மூன்று வாரம் வைத்திருந்தது. மேஸ்திரியும் சட்டையைக் கழற்றிவிட்டு எங்களோடு இறங்கினார். யார் சொன்னது என்று கடைசிவரை கேட்கவில்லை. மேடம் தினமும் ஒருமுறை வந்து, தானே அளவு நாடாவைப் பிடித்து ஆழம் பார்த்துவிட்டுப் போனார். முன்போல நின்று பேசுவதில்லை. அது எனக்கு உறுத்தியது, ஆனால் நியாயம் என்றும் பட்டது. இரண்டாவது கேபிளைப் பின் தெருவுக்கு மாற்றி முடிப்பதற்குள் கிளவுடுக்கு மாறுவது ஒரு மாதம் தள்ளிப்போனது. தள்ளிப்போன அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தபோது பொறுப்பு மேடத்திடம் இல்லை, வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய கம்ப்யூட்டரை அணைக்கும்போது மேடம் அறையின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார், கடைசியில் கைதட்டினார் என்று கேட்டில் இருந்த காவல்காரர் சொன்னார். அடுத்த வருடம் புனேவில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும் முன் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, தன் நம்பரையும் கொடுத்தார். எதற்கு என்று சொல்லவில்லை.

நானும் நடுவில் மங்களூருக்குப் போய் ஒரு வருடம் இருந்துவிட்டு, மேஸ்திரி கூப்பிட்டதால் திரும்பி வந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு காலை, முன்பக்க ரோட்டில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய பொக்லைன் எங்கள் பைப்பை ஒரே வாரலில் பிய்த்து எடுத்தது. செய்தி வந்ததும் நாங்கள் வண்டியில் ஓடினோம். பைப் பல்லிளித்துக்கொண்டு கிடந்தது. முதல் லைன் துண்டு துண்டாகத் தொங்கியது. மற்றவர்கள் குழிக்குள் இறங்க, நான் தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். உள்ளே என்ன நிலவரம் என்று காவல்காரரிடம் கேட்டேன். என்ன நிலவரம், வண்டி இப்போதுதான் லோடு ஏற்றிக்கொண்டு போனது என்றார். கேபிள் அறுந்தது அவருக்குத் தெரியவில்லை. டீ கொண்டுபோகிறவர் வழக்கம்போல உள்ளே போய்க்கொண்டிருந்தார்.

மதில் ஓரமாக நடந்துபோய் மேடத்துக்குப் போன் செய்தேன். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தார். முன்பக்கம் அறுந்துபோச்சு என்றேன்.

“நின்னுதா?”

“நிக்கலைங்க மேடம்.”

நிஜமாகவா என்று கேட்கவில்லை. போனை மதிலுக்கு மேலே தூக்கிப் பிடிக்க முடியுமா என்று கேட்டார். ஒரு கல்லின்மேல் ஏறி, கையை எட்டிய மட்டும் நீட்டிப் பிடித்தேன். உள்ளே ரப்பரை அழுத்தும் இயந்திரங்கள் தட், தட் என்று ஒரே சீராக இறங்கிக்கொண்டிருந்தன. யாரோ யாரையோ கன்னடத்தில் கிண்டல் செய்தார்கள். தூறல் விழ ஆரம்பித்தது. குழியிலிருந்து மேஸ்திரி, அங்கே என்னடா செய்கிறாய் என்று கத்தினார். கை வலித்தது. போதுமா என்று கேட்க போனைக் காதில் வைத்தேன்.

“இன்னும் கொஞ்சம் அண்ணா” என்றார் மேடம்.

மற்ற கைக்கு மாற்றித் தூக்கிப் பிடித்தேன்.