தையல் மெஷினுக்குப் பல் கட்டிய கதை

பெருநாளுக்கு இன்னும் ஒரு கிழமைகூட இல்லை. தையற்கடைக் காசிம் நானா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மாஸ்டர், மெஷினுக்குப் பல்லுத் தேஞ்சு போச்சுது."

மெஷினுக்குப் பல்லா? சிரிக்காதீர்கள். ஊசிக்குக் கீழே இருந்து துணியைத் தள்ளிக்கொடுக்கும் சின்ன இரும்புத் துண்டு அது. அது போனால் துணி நகராது. துணி நகராவிட்டால் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குப் பெருநாள் உடுப்பு இல்லை... கொழும்பில் வாங்கலாமே என்பீர்கள். வாங்கலாம் — உலகச் சண்டை முடிந்து கப்பல் வந்தால்!

நானா பதமேற்றாத பச்சை இரும்பில் தானே ஒரு பல் அராவினார். இடுப்பில் உடுத்தும் சாரம் நாலு மூட்டுவதற்குள் மழுங்கிவிட்டது.

ரயில்வேயில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிற்றர் ஒருவர் வழி சொன்னார். இரும்புக் குழாயில் கரித்தூளும் மாட்டுக் குளம்புச் சீவலும் நிரப்பி, நடுவில் பல்லை வைத்து, வாயை மூடி, நெருப்பில் சிவக்கவிட வேண்டும். கரியும் குளம்பும் விடுகிற வாயு இரும்பின் மேல்தோலுக்குள் இறங்கி அதை உறுதியாக்கும். ஆனால் உள்ளே காற்று மட்டும் போகக் கூடாது. போனால் இரும்பு எரிந்து உரியும்.

எதனால் மூடுவது? அதை அவர் சொல்லவில்லை. நானாவுக்குத் தெரிந்தது பிரியாணிச் சட்டிக்குத் தம் போடுகிற முறைதான். கோதுமை மாவைப் பிசைந்து அப்பினார்!

உலைச் சூட்டில் மாவு கருகி உதிர்ந்தது. காற்றுப் புகுந்து பல் செதில் செதிலாக உரிந்தது. அந்த மாவோ, பெருநாள் பணியாரத்துக்கென்று அவர் மனைவி மரியம் அக்கா பங்கீட்டுக் கூப்பனில் வாங்கி மிச்சம் பிடித்து வைத்திருந்தது. அக்கா ஏசவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டார்.

"ஏசினாலும் பரவாயில்லை மாஸ்டர். வாயே திறக்கிறா இல்லை" என்றார் நானா. பாவமாக இருந்தது.

எங்கள் தீவில் மணலுக்கா பஞ்சம்? மாவுக்குப் பதிலாக அப்பக் களிமண்தான் இல்லை. திருக்கேதீஸ்வரம் பக்கம் வயல் செய்யும் என் மச்சானிடம் ஒரு வாளி வாங்கிக் கொடுத்தேன். இந்த முறை நானா புதிதாக ஒரு பல் அராவி உள்ளே வைத்து, ஓர் ஈர்க்கு நுழையவும் இடம் விடாமல் அப்பினார். அடுப்பு மூண்டது. சற்று நேரத்தில் களிமண் மூடி எழும்பத் தொடங்கியது. உள்ளே வாயு பெருகுகிறது, வெளியே வர வழியில்லை... வெடித்தால்? இருவரும் விறைத்துப்போய் நின்றோம்.

"இஞ்சாருங்கோ! மூடி எழும்புது, பாத்துக்கொண்டு நிக்கிறியளே! கம்பியால ஒரு துளை விடுங்கோ!"

குசினி அடுப்படியில் இருந்து மரியம் அக்கா!

நானா கம்பியால் குத்தினார். துளையில் ஒரு சின்ன நீலச் சுவாலை பற்றிக்கொண்டது. அது எரியும்வரை வாயு வெளியே வருகிறது, காற்று உள்ளே நுழையாது என்று அர்த்தம். அணைந்தால்தான் ஆபத்து. நானா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திறந்த வாயை அக்கா மூடவில்லை. மாவு, பணியாரம், கலியாணம் முடித்த புதிதில் நானா தைத்துப் பாழாக்கிய சட்டை... எல்லாம் வந்தது.

பிறகு மண்ணை உடைத்து, சிவந்த பல்லைத் தண்ணீரில் போட்டெடுத்து அரத்தால் உரசினோம். பல்லில் கீறல்கூட விழாமல் அரம் வழுக்கியது. தெரு தப்பியது!

பெருநாளன்று வாழ்த்துச் சொல்லப் போனேன். அக்கா இன்னும் ஏசிக்கொண்டே சோறு போட்டார். நானா சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.

"இன்னும் முடியேல்லையா நானா?" என்று காதோடு கேட்டேன்.

"எரியட்டும் மாஸ்டர்... அணைஞ்சாத்தான் பயம்."