அஸ்பியா பேசாத கூட்டம்

பழவேற்காட்டில் அஸ்பியாவின் வேலையைச் சொல்லிப் புரியவைப்பது லேசில்லை. "கம்ப்யூட்டருக்கு சட்டம் எழுதுது" என்று அவள் வாப்பா காஜா மைதீன் கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை அடிப்பார். கிட்டத்தட்ட உண்மைதான். ஒரு கணினி மொழியை ஏழெட்டு கம்பெனிகள் இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருந்தன. இங்கே ஓடும் புரோகிராம் அங்கே படுத்துவிடும். எல்லாருக்கும் பொதுவாக விதி எழுத ஒரு சர்வதேசக் கமிட்டி, மாதம் ஒருநாள் மதியம் வீடியோவில் கூடும். முப்பது பேர், முப்பது பிடிவாதம். ஒரே வரிக்கு இரண்டு வருடம் மல்லுக்கட்டியதும் உண்டு. ஒருவர் மறுத்தாலே விதி நின்றுவிடும். அந்த முப்பதில் அஸ்பியாவும் ஒருத்தி.

மீனவர் குப்பத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருந்த ஸ்டீபன், அந்த மொழியில் எழுதிய புரோகிராம் ஓடும் ஒரு பெட்டியை முகத்துவாரத்தில் கம்பம் நட்டுப் பொருத்தியிருந்தான். மணல் மேடிட்ட இடத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அது போனுக்கு அனுப்பும். அதைப் பார்த்துத்தான் படகை எடுப்பார்கள். பெட்டிக்குள் ஓடும் நேரக்கணக்கு நாற்பத்தொன்பது நாளில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வரும். அதை நம்பித்தான் ஸ்டீபன் எழுதியிருந்தான். இப்போது புது விதி ஒன்று வரவிருந்தது: கணக்கு நிரம்பினால் என்ன நடக்கும் என்பது அந்தந்தக் கம்பெனியின் விருப்பம். அப்படி விட்டால் புரோகிராம் வேகமாக ஓடுமாம். உப்புக்காற்றில் வருடத்துக்கு ஒரு பெட்டி போய்விடும், புதுப் பெட்டி புது விதிப்படிதான் ஓடும்.

"அப்பால அம்பதாவது நாளு பொட்டி இன்னா காட்டும்னு எனுக்கே தெரியாதுக்கா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க," என்றான்.

"சொல்றேன் ஸ்டீபன். அதுக்குத்தானே இருக்கேன்."

அந்த மாதக் கூட்டத்தில் நாலு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். கமிட்டித் தலைவர் நரைத்த மனிதர், கல்லூரியில் அவள் படித்த பாடநூலை எழுதியவர். இந்த விதி தனக்கு நிறைவு என்று சொல்லிவிட்டு, "ஆட்சேபணை உண்டா?" என்றார். அஸ்பியா வாயைத் திறக்கவில்லை.

அவள் வீட்டில் பெரியவர் முகத்துக்கு நேரே யாரும் மாட்டேன் என்பதில்லை. பேசாமல் இருந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். பிறகு யாராவது அடுப்படிக்கு வந்து மெதுவாகக் கேட்பார்கள், விஷயம் அப்படியே அமுங்கிப்போகும். அவளுக்கு முதலில் பார்த்த மாப்பிள்ளை தட்டிப்போனதும் அப்படித்தான். கமிட்டியில் எந்த அடுப்படி இருக்கிறது? தலைவர் நாலு விநாடி பார்த்தார், "ஆட்சேபணை இல்லை" என்று எழுதச் சொல்லி அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

வளர்ந்த விதம் என்று தன்னையே சமாதானப்படுத்திப் பார்த்தாள். வெறும் சாக்கு. மூன்று வருடமாக உட்காருகிறவளுக்கு அங்கே மௌனம் என்றால் சம்மதம் என்று தெரியாதா? அவ்வளவு பெரிய ஆட்கள் நடுவே ஒரு கம்பத்துப் பெட்டியைப் பற்றிப் பேசினால் சிரிப்பார்களோ என்று பயந்தாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஸ்டீபன் போன் செய்தபோது, "சொன்னேன் ஸ்டீபன், அவங்க கேக்கல," என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் அவன் அப்பா தேசப்பன் இரண்டு பெரிய நண்டுகளோடு வாசலில் நின்றார். "அம்மாம் பெரிய ஆளுங்க நடுவுல நம்ம ஊரு பொண்ணு நமக்காக பேசிக்கீது," என்றார். உம்மா கைருன் பீவி மணக்க மணக்கக் குழம்பு வைத்தாள். அஸ்பியா வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் கூட்டக் குறிப்பு வெளியானது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். ஸ்டீபன் படித்துவிட்டு நேரே வீட்டுக்கு வந்தான்.

"யாருக்கும் ஆட்சேபணை இல்லன்னு போட்டிருக்குதுக்கா. வந்தவங்கள்ல உங்க பேரும் கீது."

"நான் பேசல ஸ்டீபன். பயந்துட்டேன். பொய் சொல்லிட்டேன்."

அவன் திட்டியிருந்தால் தேவலை. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான்.

"பெட்டியோட புரோகிராம் மொத்தத்தையும் நானே மாத்தி எழுதித் தரேன்," என்றாள்.

"வேணாங்க்கா. பாதி மாத்திட்டேன்." செருப்பை மாட்டியவன் திரும்பினான். "நைனாவாண்ட ஒண்ணும் சொல்லல. நீங்க பேசினத அவுரு இன்னும் எல்லார்ட்டயும் சொல்லிகினு கீறாரு. அது அப்டியே இருக்கட்டும்."