சைக்கிள் போகிற அளவு

மடத்துவெளியில் இருந்து இறுப்பிட்டிக்குப் போக எனக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கார்ப்பெட் போட்ட பெரிய றோட்டு. நயினாதீவுக்குப் போகிற வான்களும் பஸ்களும் படகைப் பிடிக்கிற அவசரத்தில் அதில்தான் பறக்கும். மற்றது கிரவல் பாதை. யாரோ ஒரு காலத்தில் வந்து கிரவல் பரப்பினார்கள், தார் பிறகு வரும் என்றார்கள். வரவில்லை. தொடக்கத்தில் இருந்த மதகும் ஒரு மாரிகாலத்தில் பாதி இடிந்து விழுந்தது. அதனால் அந்தப் பாதையில் வான் இல்லை, ஓட்டோ இல்லை. மோட்டார் சைக்கிள்காரரும் யோசித்துத்தான் இறங்குவார்கள். மதகு இடிந்ததற்கு நன்றி சொல்லுகிறவன் இந்தத் தீவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் மீன் விற்கிறவன். விடியக் கரைக்குப் போய் மீன் எடுத்து, பெட்டியைக் கரியரில் குறுக்காக வைத்து, பழைய சைக்கிள் ரியூப்பால் இறுக்கிக் கட்டிக்கொண்டு இறுப்பிட்டிக்குப் போவேன். மற்ற மீன்காரர் கூவினால் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும். எனக்குக் கூவ வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பிக் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் நிற்பேன். அதோடு படிப்பும் நின்றது, அந்தக் குணம் மட்டும் நிற்கவில்லை. அதனால் ஹாண்டிலில் றப்பர் ஹோன் ஒன்று பூட்டியிருக்கிறேன். அதை அமத்தினால் பெண்கள் சட்டியோடு வாசல் படலைக்கு வருவார்கள். இறுப்பிட்டியில் எனக்குப் பெயரே பொம்பொம் மீன்காரர்.

முன்பு நானும் பெரிய றோட்டால்தான் போனேன். ஒரு நாள் பின்னால் வந்த வான் ஒன்று பெட்டியில் தட்டிவிட்டுப் போனது. மீன் எல்லாம் றோட்டில் கிடந்தது, நானும் கிடந்தேன். முறிந்த கை பொருந்திவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு முதுகுக்குப் பின்னால் ஒரு எஞ்சின் சத்தம் கேட்டால் போதும், ஹாண்டில் தன்பாட்டில் ஆடத் தொடங்கும். சைக்கிள் ஓடாவிட்டால் எனக்கு வேறு தொழில் தெரியாது.

கிரவல் பாதைதான் என்னைத் திரும்பவும் சீற்றில் ஏற்றியது. முதல் நாள் யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் ஏறினேன். தரவைப் புல்லில் நின்ற மாடுகள் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தன. சில்லுக்குக் கீழே கல் நெரிகிற சத்தம், பனை ஓலைச் சத்தம், என் பெட்டிக்குள் ஐஸ் குலுங்குகிற சத்தம். பின்னால் ஒன்றும் இல்லை. தார் றோட்டைவிட மிதிக்கக் கஷ்டம், சில்லு காத்துப் போவதும் அதிகம். இருந்தாலும் மதகில் இருந்து தரவை வரை என் கை நடுங்கவில்லை. அன்று பெட்டியைக் கழுவும்போது எனக்குள்ளே சிரித்துக்கொண்டேன்.

அந்தப் பாதை நடுவில் ஒரு வெறுங்காணியில் முட்டி நின்றுவிடும். காணியைக் கடந்தால் மற்றப் பக்கம் கிரவல் திரும்பவும் தொடங்கும். காணிக்காரர் வெளிநாட்டில். வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. ஒரு முறை அந்தக் கிணற்றுக்குள் ஆடு விழுந்து செத்தது. அன்று முதல் அந்தக் காணியால் போகிறவர்கள் இரண்டு பக்கத்துப் படலையையும் திறந்தால் திரும்பக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். யாரும் எழுதிப் போடவில்லை, எல்லாரும் செய்தோம். காலையில் முதலில் அவிழ்ப்பதும் கட்டுவதும் பெரும்பாலும் நான்தான்.

போன வருடம் காற்றுக் காலத்தில் சில நாள் தொழில் இல்லாமல் இருந்துவிட்டுப் படலையை அவிழ்க்கப் போனேன், உள்ளே ஆட்கள் நின்றார்கள். காணி துப்புரவாகி இருந்தது. இறுப்பிட்டிப் பக்கத்தால் வந்த லொறியில் இருந்து சீமெந்துக் கல் இறங்கியது. தொப்பி போட்ட ஒரு அக்கா குடையோடு நின்று மேசனுக்கு எதையோ காட்டினா. மதிலுக்கு அத்திவாரம் வெட்டியிருந்தார்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் முதலில் கட்டுவது மதில்தான். அது எனக்குத் தெரியாததா? சைக்கிளைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு பெரிய றோட்டுத்தான். ஓடப் பயந்து ஓரமாக உருட்டிக்கொண்டு போனேன். நான் போய்ச் சேரும்போது சட்டிகளில் வேறு ஆளின் மீன் ஏறியிருக்கும். மிஞ்சியதை என் மனைவி கருவாட்டுக்குக் கீறினா. கீறிக்கொண்டே கேட்டா.

"இஞ்சேருங்கோ, அந்த மனிசியிட்டை ஒரு சொல்லுக் கேட்டால் என்ன? கடிக்கவே போறா?"

"அவவின்ரை காணி. நான் கேட்டு, அவவுக்கு மாட்டன் எண்டு சொல்லக் கஷ்டமாப் போனால்?"

"ஓம், ஊரிலை எல்லாற்றை கஷ்டத்தையும் நீங்கள்தான் பாக்கிறியள். நான் இஞ்சை கருவாட்டுக் கடை போடுறன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு இருந்தேன். படலையில் அதே தொப்பி தெரிந்தது.

"தம்பி, பொம்பொம் மீன்காரர் நீர்தானே?"

"ஓம்."

"கொஞ்ச நாளாய்ச் சத்தத்தைக் காணேல்லை. வந்த நாளிலை இருந்து காணிக்குப் பக்கத்து வீட்டிலை தங்கி, அந்தச் சத்தத்துக்குத்தான் எழும்பினனான். வருத்தமோ, காய்ச்சலோ எண்டு பாக்க வந்தனான்."

அக்கா இருக்க நான் கதிரையைத் தூக்கி வைத்தேன். என் மனைவி குசினி அடுப்படியில் இருந்தே பதில் சொன்னா.

"வருத்தம் ஒண்டுமில்லை அக்கா, வாய்தான் இல்லை. நீங்கள் மதில் கட்டுறியள் எண்டு பெரிய றோட்டாலை சைக்கிளை உருட்டிக்கொண்டு போறார்."

"ஏன் உருட்டுறீர்? ஓடத் தெரியாதே?"

என் மனைவி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினா. "வான் அடிச்ச கை. பின்னாலை சத்தம் கேட்டால் இவருக்கு ஓட ஏலாது."

அக்கா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தா.

"நான் இருக்கிற ஊரிலை ஒரு பாதை இருக்கு. முந்தி ரெயில் ஓடினது. இப்ப தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டு, கிரவல் போட்டு விட்டிருக்கிறாங்கள். காருக்கு உள்ளுக்கு வர ஏலாது. சைக்கிளும் நடக்கிற ஆக்களும்தான். என்ரை மனிசன் செத்த பிறகு நான் வீட்டை விட்டு முதல் வெளிக்கிட்டது அந்தப் பாதையிலைதான். நானும் காருக்குப் பயம்."

தீவுக்கு ரெயில் வந்ததே இல்லை. நான் அறிந்த ரெயில் யாழ்ப்பாணத்தோடு சரி. என்னை அறியாமல் வாய் திறந்தேன்.

"சைக்கிளுக்காகவோ கழட்டினவங்கள்?"

"ஓம் தம்பி. சண்டைக் காலத்திலை எங்கடை ஆக்கள் தண்டவாளத்தைப் பங்கருக்குக் கழட்டினவை, அவங்கள் சைக்கிளுக்குக் கழட்டினவங்கள்." எழும்பி நின்றா. "மதில் கட்டத்தான் வேணும். நான் போனால் எல்லையைப் பாக்க ஆளில்லை. ஆனால் வழியை நான் ஏன் அடைக்கப் போறன்? சைக்கிளைக் கொண்டு வாரும், மேசன் அங்கைதான் நிக்கிறார்."

நான் உருட்டிக்கொண்டு பின்னால் போனேன். மேசன் என் சைக்கிளை நேராக நிறுத்தச் சொல்லி, ஹாண்டிலின் இரண்டு முனைக்கும் தடி பிடித்து, விரல் அகலம் கூட்டி, மதிலில் விடப்போகிற இடைவெளியை அளந்தான்.

"இதுக்கு மேலை விட்டால் மாடு வரும் அக்கா. இந்த அகலம் காணுமே அண்ணை?"

"ஓம்" என்றேன். சந்தோசத்தில் எனக்கு வேறு ஒன்றும் தெரியவில்லை. மற்றப் பக்க மதிலுக்கும் அதே தடியால் அளந்தான். இரண்டு இடைவெளிக்கும் பனம் பலகையில் ஒடுங்கிய படலை போட்டார்கள்.

முதல் நாள் விடிய ஹோனை அமத்திக்கொண்டு போனேன். படலையை அவிழ்த்தேன். முன்சில்லு போனது, ஹாண்டில் போனது, நானும் போனேன். பிறகு சைக்கிள் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் பெட்டி இரண்டு பக்கமும் மதிலில் முட்டி நிற்கிறது. அளந்த அன்று பெட்டி எங்கள் முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்தது. மீன்காரன் சைக்கிளை அளக்கும்போது பெட்டியை நினைக்க மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

கட்டி முடித்த மதிலை இடி என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ரியூப்பை அவிழ்த்து, பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, மதிலின் மேல் வைத்தேன். ஐஸ் தண்ணீர் கழுத்தால் முதுகுக்குள் இறங்கியது. சைக்கிளை உள்ளே விட்டு, பெட்டியை இறக்கித் திரும்பக் கட்டினேன். மற்றப் பக்கத்திலும் அதே வேலை. ஆனாலும் எனக்கு மனக்குறை இல்லை. மீன் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது, கை ஆடவில்லை, பின்னால் வான் இல்லை. ஒவ்வொரு நாளும் நனைந்துகொண்டு நன்றாகவே போனேன்.

ஒரு நாள் பெட்டி தலையில் இருக்கும்போது பின்னால் சத்தம் கேட்டது.

"நீர் என்ன, சுவாமி தூக்கிறீரோ?"

அக்கா பல் தீட்டிக்கொண்டு நின்றா. நான் பெட்டியைத் தூக்கியபடியே நின்றேன்.

"எத்தினை நாளாய் இந்தக் கூத்து?"

"தொடக்கத்திலை இருந்து, அக்கா."

"வாய் திறந்து சொல்லக் கூடாதே? உம்மடை மனிசி என்னண்டுதான் உம்மோடை காலம் தள்ளுறாவோ."

அன்றே மேசன் வந்தான். முழு இடைவெளியையும் அகலிக்க அவன் விடவில்லை, மாட்டுக்கதைதான். பெட்டி வருகிற உயரத்தில் மட்டும் இரண்டு பக்கமும் அரைக் கல் உடைத்துப் பூசிவிட்டான். இந்த முறை பெட்டியைக் கட்டி, ஐஸும் போட்டு, என்னை ஓடிக் காட்டச் சொன்னார்கள். மேசனின் கையாள்கள் மதிலில் ஏறியிருந்து பார்த்தார்கள். வெட்கத்தில் ஒரு முறை முட்டினேன். இரண்டாம் முறை உரசாமல் போனேன். இப்போது அந்த மதிலில் என் சைக்கிளின் உருவம் இருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் இது என்ன கோலம் என்று கேட்பார்கள்.

கிணற்றுக்கும் அக்கா கட்டுக் கட்டிவிட்டா. இனி ஆடு விழாது. என்றாலும் நான் படலையைக் கட்டாமல் போவதில்லை.

இந்த வருடம் அக்கா திரும்பவும் வந்தா. யாழ்ப்பாணத்தில் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினா, தடித்த சில்லும் அகன்ற ஹாண்டிலும். போன கிழமை நான் மீன் விற்றுவிட்டு வரும்போது அவ மதகுப் பக்கம் ஓடப் புறப்பட்டு, இடைவெளியில் ஹாண்டில் இறுகி, முன்னுக்கும் பின்னுக்கும் போக முடியாமல் நின்றா. காற்சட்டையும் தொப்பியும் வியர்வையுமாக என்னைப் பார்த்தா.

"பாரும் தம்பி, என்ரை மதிலுக்குள்ளாலை எனக்கே போக ஏலாமல் கிடக்கு."

நான் வெறும் பெட்டியோடு இறங்கி நின்றேன். சொல்வதா விடுவதா என்று வழக்கம்போல யோசித்தேன்.

"மேசனைக் கூப்பிடட்டே அக்கா?" என்றேன். "இந்த முறை ஒண்டையும் மறக்காமல் அளக்கச் சொல்லுவம்."

அவ சிரித்த சிரிப்பில் மாடுகள் தலையைத் தூக்கின. ஹாண்டிலைச் சரித்து, சைக்கிளைத் தூக்கி, அவவை வெளியே எடுத்துவிட்டேன். அவ ஏறிப் போனா. சில்லுக்குக் கீழே கல் நெரிகிற சத்தம் மதகுப் பக்கமாகத் தேய்ந்து போகும் வரைக்கும் நின்று கேட்டுவிட்டு, படலையைக் கட்டினேன்.