ஒரே கேள்வி, இரண்டு பதில்

சர்வே எடுக்கிறவர்களுக்குக் கதவைத் திறப்பவர்கள் குறைவு. நாங்கள் கேட்டு வந்ததை நம்புபவர்கள் அதைவிடக் குறைவு. கதவு தட்டிப் பிழைக்கும் சகாக்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆளுக்கு ஒண்ணு

போன வருஷம் ஒரு மாவு கம்பெனிக்காக நானும் கூட வேலை பார்க்கும் ரமேஷும் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய அபார்ட்மெண்டுக்குப் போனோம். இட்லிக்குக் கடை மாவா, வீட்டில் அரைப்பதா என்பதுதான் கேள்வி. தட்ட வேண்டிய வீடுகளை எங்கள் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் ஃபர்ஹானா கம்ப்யூட்டரில் குலுக்கிப்போட்டு எங்களுக்குப் பிரித்துத் தந்திருந்தாள். பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்கக் கூடாது; அதே வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். அப்படி அலைந்து ஒருவழியாகத் திறந்த ஒரு கதவுக்குப் பின்னாலிருந்த அம்மா கேட்டார்:

"எங்க வீட்லயே ஆளுக்கு ஒண்ணு சொல்வோம். கொஞ்சம் பேரைக் கேட்டுட்டு பில்டிங்கே இப்பிடித்தான்னு எப்பிடிம்மா எழுதுவீங்க?"

மேனேஜர் தீர்ப்பு

என் வீடுகளில் கடை மாவு ஜெயித்தது. ரமேஷின் வீடுகளில் வீட்டு மாவு. வீட்டில் உட்கார்ந்தபடியே பதில்களை நிரப்புவது எங்கள் தொழிலில் பெரிய பாவம், பிடிபட்டால் அன்றே வேலை போய்விடும். ரமேஷ் பழைய ஆள்; ஊரின் மறுகோடியில் ஃபிரேசர் டவுனிலிருந்து வரும் நான் புதுசு. சந்தேகம் யார் மேல் விழும்? மேனேஜர் மஞ்சுநாத் சார் என்னைக் கூப்பிட்டார்.

"ஏனம்மா ஸ்டெல்லா, ஒரே பில்டிங், ஒரே கேள்வி, பதில் மட்டும் ரெண்டா? யாரோ ஃபிரேசர் டவுன்ல வீட்லயே உக்காந்து எழுதியிருக்காங்க."

டிபன் டப்பா

ஃபர்ஹானாவை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே வந்தாள். ஆபீஸில் எல்லோர் பெயரையும், அவரவர் காபியா டீயா என்பதையும் சீட்டில் எழுதி, கழுவிய டிபன் டப்பாவில் போட்டுக் குலுக்கினாள். பத்துச் சீட்டு எடுக்கும்படி சாரிடம் நீட்டினாள். டீ ஜெயித்தது. சீட்டுகளைத் திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடி நீட்டினாள். இந்தத் தடவை காபி. சார் டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு தடவையும் எடுத்தது நீங்கதான் சார். எந்தத் தடவை பொய் சொன்னீங்க?"

முன்னே பின்னே

அப்புறம் போர்டில், நூற்றுக்கு எத்தனை வீட்டில் கடை மாவு என்ற என் எண்ணுக்கு ஒரு கோடு, ரமேஷின் எண்ணுக்கு ஒரு கோடு போட்டாள். உண்மை எங்கள் எண்ணுக்கு முன்னேயோ பின்னேயோ எவ்வளவு தூரம் தள்ளி இருக்கலாமோ, அதுதான் கோட்டின் நீளம். நிறைய வீடு கேட்டால் கோடு சுருங்கும், ஆனால் புள்ளியாகாது என்றாள். இரண்டு கோடுகளும் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று கிடந்தன. இந்த வித்தியாசம் வெறும் குலுக்கலில் வரக்கூடியதுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது; அந்தப் பெண்ணுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவள். சாருக்கு வேறு கவலை.

"அப்ப யாரும் ஜெயிக்கலையா? இதை மாவு கம்பெனிக்கு நான் எப்பிடிம்மா சொல்றது?"

அடுத்த சர்வே

இந்த முறை எனக்கும் ரமேஷுக்கும் ஒரே எண் வந்தது. நிம்மதியாக ரிப்போர்ட்டை நீட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, அச்சு அசலா ஒண்ணா இருக்கு? ரெண்டு பேரும் பேசி வெச்சு எழுதினீங்களா?"

சாரின் சந்தேகம் எந்தக் கோட்டுக்குள்ளும் அடங்காது என்றாலும், ஃபர்ஹானாவின் புண்ணியத்தில் நான் இன்றைக்கும் கதவு தட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.