கூட்டல் குறியை நம்பாதவர்

கணினியில் பெயர் கேட்கும் எந்தப் பெட்டியிலும் அவர் முதலில் பெயரை எழுதுவதில்லை. ஒரு கூட்டல் குறி, ஒரு புள்ளி, மூடாத ஓர் அடைப்புக்குறி, தனித்தனியாக. திரை திருதிருவென முழிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதும் எங்கள் அலுவலகத்தில் அந்த அம்மாவுக்குச் 'சோதனைச்சாவடி' என்று பெயர்.

வீட்டுக்காரர் போன் செய்து "கேஸ் சிலிண்டர மூடிட்டேன்" என்றால், "போட்டோ அனுப்புங்க" என்பார். காபி இயந்திரம் சர்க்கரை போடவில்லை என்று சொன்னால் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். பக்கத்து இருக்கையில் நான் பட்ட எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"ஜனங்க தட்டுறது எதுவும் சும்மா எழுத்து இல்ல" என்பார். உண்மைதான். நாங்கள் நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் தேடும்போது கூட்டலும் புள்ளியும் கட்டளைகளாகிவிடும். ஒவ்வொன்றின் முன்னும் பேக்ஸ்லாஷ் என்ற ஒரு சாய்கோட்டைச் செருகினால் வெறும் எழுத்தாகிப் பெட்டிப் பாம்பாய் அடங்கும். அப்படிச் செருகும் நிரல் வரியை அவரே எழுதியிருந்தார். அதில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார்.

ஒருநாள் அவர் மேசைக்கு ஒரு நர்ஸின் போன். "இந்த ஊசி குழந்தைக்கு ஒத்துக்காதுன்னு அவங்கம்மா சொல்றாங்க. உங்க திரையில தேடினா ஒவ்வாமை இல்லன்னு வருது. ஊசியக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"போடாதீங்க! அந்தம்மா சொல்றத நம்புங்க." அவர் வாயிலிருந்து 'நம்புங்க' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

போனை வைத்ததும் பழைய ஆளாகிவிட்டார். நர்ஸ் தப்பாகத் தட்டியிருப்பாரோ? சர்வர் கோளாறோ? கடைசியில் எதிர் மேசைத் தாடிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து எதத் தொட்டீங்க?"

"கலர்தாங்க மாத்தினேன்."

"கலர் மட்டும்தானா?"

மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. எனக்கே கோபம் வந்தது.

மூன்று மருந்து கலந்த ஊசி அது. பெயரில் இரண்டு கூட்டல் குறிகள். சோதனைச்சாவடி அதைத் தட்டிப் பார்த்தார். முதல் குறிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் விழுந்தது, இரண்டாவதற்கு விழவில்லை. அது கட்டளையாகிவிட, தேடல் மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. 'எல்லா இடத்திலும் மாற்று' என்று சொல்ல ஜி என்ற ஓர் ஆங்கில எழுத்து வேண்டும். அவருடைய அந்த வரியில் அது இல்லை.

"அடக் கடவுளே" என்றார், தனக்கு மட்டும் கேட்கும்படி. எழுத்தைச் சேர்த்தார். ஆனால் திருத்தத்தை மருத்துவமனைக்கு அனுப்பவில்லை.

எழுந்து தன் நாற்காலியைத் தாடிக்காரர் பக்கம் உருட்டினார். "நீங்க ஒரு தடவ பாருங்க."

தாடிக்காரர் உட்கார்ந்து ஒவ்வொரு குறியாகத் தட்டி முடிக்கும்வரை, அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.