காலி டேங்கின் சத்தம்

எட்டு வயதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பல்கர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மூட்டை கட்டாத சிமெண்டைப் பெரிய டேங்கில் அப்படியே அடைத்துக்கொண்டு வரும் லாரி அது. இறக்குவதற்கு ஆளும் வேண்டாம், மண்வெட்டியும் வேண்டாம். கம்ப்ரசரை ஓடவிட்டால் டேங்குக்குள் காற்று ஏறும். அந்தக் காற்றே சிமெண்டைத் தள்ளிக்கொண்டு போய், தடித்த ஓஸ் வழியாகத் தென்னை உயரத்துக்கு நிற்கும் சைலோ என்ற இரும்புக் குதிரில் கொட்டிவிடும். கடைசியில் மட்டும் ஒருவர் ரப்பர் சுத்தியலால் டேங்கின் வயிற்றில் தட்டிப் பார்க்க வேண்டும். 'தொம்' என்றால் சரக்கு இருக்கிறது, 'டங்' என்றால் காலி. தட்டுகிற வேலை என்னுடையது. பெரிய லீவில் இரண்டு தடவை போய்வந்ததிலேயே, நான் இல்லாமல் மாவட்டத்தில் ஒரு பாலமும் எழும்பாது என்ற நினைப்பு எனக்கு வந்துவிட்டது.

மூன்றாவது தடவை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆரல்வாய்மொழி தாண்டி, காற்றாலைகளுக்கு நடுவே பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று அங்கே வேலை இல்லை. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு, சாப்பிடப் போய்வருவதாகச் சொல்லி பைக்கில் கிளம்பிவிட்டார். தண்ணீர் லாரி வராததால் தொட்டியும் காய்ந்து கிடந்தது. எங்களிடம் இருந்தது வீட்டிலிருந்து எடுத்துப்போன ஒரு கேன் குடிதண்ணீர் மட்டும்.

"மக்ளே, சுத்தியலத் தவிர வேற ஒண்ணையும் தொடப்பிடாது, கேட்டியா?" என்றார் மாமா. ஒவ்வொரு தடவையும் சொல்வதுதான். நானும் ஒவ்வொரு தடவையும் தலையாட்டுவேன். தலையாட்டுவதில் நான் பெரிய கெட்டிக்காரி.

ஒரு மணி நேரம் போல ஆனதும் தட்டிப் பார்த்தேன். 'டங்' என்றது. மாமா முன்பக்கம் கம்ப்ரசரைப் பார்க்கப் போயிருந்தார். அடுத்து அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஓஸைப் பூட்டியிருக்கும் இரண்டு பிடிகளையும் விரித்துக் கழற்றுவார். அதற்கு முன்னால், மீட்டரில் முள் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை இடுப்பில் கைவைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அதைச் சோம்பல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். சிமெண்ட் தீர்ந்தாலும் உள்ளே காற்று தீராது என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

முதல் பிடியைக் காலால் உதைத்துத் திறந்தேன். இரண்டாவதில் கைவைத்ததுதான் தெரியும், ஓஸ் பிய்த்துக்கொண்டது. டேங்கில் ஒட்டியிருந்து சீறிக்கொண்டு வந்த மிச்ச சிமெண்டில் லாரி, சைலோ, வானம் எதையும் காணோம். அடுத்த நிமிஷம் என் முகம் மாமாவின் நெஞ்சில் அமுங்கியிருந்தது. என்னைத் தூக்கிக்கொண்டு அவர் அந்தச் சாம்பல் மூட்டத்துக்குள் ஓடினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் மூடவில்லை. மூடியிருந்தால் அவருக்கு வழி தெரிந்திருக்காது.

"ஏட்டி, கண்ணத் தொறட்டி! தொறந்து வையி, மக்ளே, மூடாத!"

விரலால் இமைகளைப் பிடித்து வைத்துக்கொண்டு கேன் தண்ணீரை என் கண்களில் ஊற்றிக்கொண்டே இருந்தார். எரிச்சலில் அவரைக் கடித்தேன், உதைத்தேன், வாயில் வந்தபடி திட்டினேன். அவர் நிறுத்தவில்லை. எரிச்சல் அடங்கியபோது கேனில் ஒரு டம்ளர் தண்ணீர்தான் மிச்சம். தாகமாக இருக்கிறது என்றேன். கொடுத்தார். முழுவதையும் குடித்தேன். மாமா தோர்த்தால் தன் முகத்தை வெறுமனே துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தினாள். "ஏலே, ஒனக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? பச்சப்பிள்ளைய இப்பிடியா கொண்டு வருவ?"

"எனக்க கைதான் தவறிட்டு, அக்கா. காத்து எறங்கதுக்கு முன்ன கழத்திட்டேன்."

என்னை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் அம்மாவின் பின்னால் ஒன்றும் அறியாத பிள்ளையாக நின்றேன். அடி விழாமல் போனதில் அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு மாமா அடிக்கடி கண்ணாஸ்பத்திரிக்குப் போனார். ஏதோ அலர்ஜி என்றார்கள். ஒரு வருஷத்துக்குள் லாரியை விட்டுவிட்டு வெள்ளமடத்தில் டயர் கடை போட்டார். என் உத்தியோகத்தைப் பறித்துவிட்டாரென்று நான் அவரோடு பல நாள் பேசவில்லை.

ஸ்கூட்டருக்கு நான் லைசென்ஸ் எடுத்த சமயத்தில்தான் பேச்சுவாக்கில் அம்மா சொன்னாள், மாமாவுக்கு இடது கண்ணில் வெளிச்சம் தெரியும், வேறொன்றும் தெரியாது, லாரி லைசென்ஸ் போனது அதனால்தான் என்று. அன்றைக்குத்தான் அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அழுதுகொண்டே டயர் கடைக்கும் போனேன். மாமா ஒரு டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ தட்டுன தட்டு நல்லாத்தான் இருந்துச்சு மக்ளே. கழத்துனதுதான் கொஞ்சம் முந்திப்போச்சு," என்றார்.

இந்த இரண்டு கண்களும் மாமா எனக்குக் கொடுத்தவை. அதை அவரிடம் சொல்லப் போனால் கேலி செய்தே என்னை விரட்டிவிடுவார். அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்திலிருந்து திரும்பும்போது, தோவாளையில் ஒரு டீக்கடைக் குழாய் வரும்வரை, மாமா இடது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேதான் லாரியை ஓட்டினார். நடந்ததை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எனக்குக் கண்ணடிக்கிறார் என்று நினைத்தேன். சீட்டில் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்து, வழி முழுக்க நானும் அவருக்குக் கண்ணடித்துக்கொண்டே வந்தேன்.