கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓலை

'காலண்டர்' என்ற பேரை அவள் முதன்முதலில் கேட்டது தன் கல்யாணப் பேச்சில்தான். வரனைக் கொண்டுவந்தவர் அவளுடைய பெரியம்மாவின் மூத்த மருமகளுக்கு அண்ணன். சுற்றி வளைத்துப் பார்த்தால் அவளுக்கு மச்சான் முறைதான். நாற்காலியில் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"பையன் பஸ் டிரைவர். குடி கிடையாது. அப்பா அம்மா இல்ல. கூடப் பொறந்த அக்கா ஒருத்தங்க மட்டும்தான். புருஷன் தவறிட்டாரு, பிள்ளைங்க இல்ல, தம்பியோடதான் இருக்காங்க. காலண்டர்னு கேட்டா அந்தச் சர்ச் பங்குல யாரு வேணாலும் வீட்டக் காட்டுவாங்க."

"காலண்டர் விக்கிறாங்களா?" என்று அவள் கேட்டாள்.

"விக்கலம்மா. அவங்களே காலண்டர்தான்."

 நாள் பார்த்து, மணி பார்த்து, வேலை வாங்குகிற நாத்தனார் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணம் முடிந்து மறுநாள் காலை அவளே வாயைக் கொடுத்தாள். "இன்னைக்கு என்ன தேதி அண்ணி?"

"பொதுக்காலம் பத்தொம்பதாம் வாரம், வியாழன்."

"தேதி கேட்டேன் அண்ணி."

"அதைத்தானே சொன்னேன், கோவில் காலண்டர்ல இதான் தேதி. நீ கேக்குற தேதி பஸ் டிப்போவுல தொங்கும். உன் புருஷன்கிட்ட பாத்துட்டு வரச் சொல்லு."

அப்படித்தான் இருந்தது அந்த வீடு. மூன்றாவது மாடி, இரண்டு அறை, குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர். அண்ணிக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்கப் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவார். சாயங்காலம் அப்படியே கோவிலுக்குப் போய், பூசைப் பாத்திரங்களும் சாமியாரின் உடுப்புகளும் இருக்கிற சக்ரீஸ்து அறையைத் திறந்து, மறுநாளுக்கு வேண்டியதை எடுத்து வைப்பார். சம்பளம் கிடையாது. அவருக்கு முன்னால் அவருடைய அத்தை செய்த வேலை அது.

கோவிலில் பீடத்துக்கு என்ன நிறமோ அதுதான் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும். ஆஸ்பத்திரியில் கிழிந்தது என்று கழித்துப் போட்ட விரிப்புகளைக் கேட்டு வாங்கி, தானே சாயம் தோய்த்து வைத்திருந்தார். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்துக்கும், ஈஸ்டருக்கு முந்திய நோன்பான தவக்காலத்துக்கும் ஊதா. கிறிஸ்து பிறப்புக்கும் ஈஸ்டரான பாஸ்காவுக்கும் வெள்ளை. தூய ஆவி ஞாயிறுக்குச் சிவப்பு. மற்ற நாளெல்லாம் பொதுக்காலம், பச்சை. ஒரு திருவருகைக் காலத்தில் ஊதாச் சாயம் வாளியில் தங்கி, தம்பியின் வெள்ளைச் சட்டையிலும் ஏறிவிட்டது. வேறு சட்டை இல்லாமல் அதையே போட்டுக்கொண்டு போனவனை, பிஷப் போடுகிற நிறம் என்று டிப்போவில் கண்டக்டர் குனிந்து கும்பிட்டாராம். "ஆயர் ஆண்டவரே, இன்னைக்கு எந்த ரூட்டு?"

வந்து மூன்று மாதத்தில் அவளுக்குப் பச்சை சலித்துவிட்டது. "எத்தனை வாரந்தான் அண்ணி இதையே விரிப்பீங்க?"

"வருஷத்துல பாதிக்கு மேல பச்சைதான். வெள்ளைக்கும் சிவப்புக்கும் ஊரே வரும். பச்சைக்கு வர்றவங்கதான் வீட்டு ஆளு." துணியின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார், "உன் புருஷனோட அத்தானும் பச்சையிலதான் போனாரு. ஒரு சும்மா செவ்வாக்கிழமை. யாருக்கும் தொந்தரவு குடுக்கல."

அத்தான், அதாவது அண்ணியின் புருஷன், அதே ஆஸ்பத்திரியில் லிப்ட் ஓட்டியவர். கூச்ச சுபாவம். முப்பது வருஷம் ஊரையெல்லாம் ஏற்றி இறக்கியவர், கோவிலில் கடைசி பெஞ்சை விட்டு ஒரு நாளும் முன்னால் வந்ததில்லை.

அவள் சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைக்கிறவள். அதனால் அண்ணி அவளைக் கூப்பிட்டதே 'பொத்தான்' என்றுதான். தாயில்லாமல் வளர்ந்த பெண். காய்ச்சலில் கிடந்தபோது வேலைக்கு லீவு போட்டு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தது அவளுக்கு இந்த வீட்டில்தான் முதல் தடவை. நாத்தனாரைப் பற்றிப் பயந்துகொண்டு வந்தவள், அந்த நாத்தனார் முகம் கோணிவிடக் கூடாதே என்று பயப்படுகிறவளாக மாறிப்போனாள்.

தவக்காலம் நெருங்கியது. அது தொடங்குகிற விபூதிப் புதனுக்குச் சாம்பல் வேண்டுமே. போன வருஷம் ஈஸ்டருக்கு முந்திய குருத்து ஞாயிறன்று பவனியில் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுபோன ஓலைகளை வீடுவீடாகத் திரும்ப வாங்கி எரித்து, சலித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். வாங்கி எரிக்கிற வேலையும் அண்ணியுடையதுதான். கோணிப்பையோடு படியேறினார் என்றால் யாரும் தப்ப முடியாது. இரண்டாவது மாடியில் தையல்காரர் மனைவி, வெளியூர் போய்விட்ட மகன் கடைசியாகப் பிடித்த ஓலை என்று கொடுக்க மறுத்தாள்.

"ஓலையைப் பிடிச்சு வச்சா பையன் வந்துருவானா? குடும்மா. பழசு போனாத்தான் புதுசு வரும்" என்று வாங்கிக்கொண்டுதான் அண்ணி இறங்கினார்.

திங்கட்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். "பொத்தான், நம்ம வீட்டு ஓலையையும் எடுத்துப் பையில போடு. ஒண்ணு விடாம."

அவள் ஒன்று விடவில்லை. திரு இருதயப் படத்துக்குப் பின்னால் ஒன்று, கதவு நிலையில் ஒன்று. கூடத்தில் மாட்டியிருந்த முகக் கண்ணாடியைத் துடைக்கத் தூக்கினாள். அதன் பின்னால், பழுப்பேறி, தொட்டால் நொறுங்குகிற மாதிரி, ஓலையில் கட்டிய சின்னச் சிலுவை ஒன்று. ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. அதையும் போட்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அண்ணி கோவில் பின்புறம் தகர டிரம்மில் எல்லாவற்றையும் எரித்தார். புதன்கிழமை எல்லோரும் நெற்றியில் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் டிரைவர் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றான். முழங்காலை மடக்கிப் பார்த்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"கண்ணாடி ஏன் சுவரோட ஒட்டிக்கிட்டு நிக்குது? பின்னால அத்தான் கட்டுன சிலுவை இருந்துச்சே?"

அதையும் பையில் போட்டதை அவள் சொன்னாள்.

அவன் குரலைத் தணித்துச் சொன்னான். அத்தானுடைய கடைசிக் குருத்து ஞாயிறு. பவனிக்கு நடக்க முடியவில்லை. அக்கா கொண்டுவந்த ஓலையைக் கட்டிலில் உட்கார்ந்தபடியே சிலுவையாகக் கட்டினார். கை நடுங்கியதால் கோணல். பதினோரு வருஷமாக ஊர் ஓலையெல்லாம் எரித்த அக்கா அந்த ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. உயரமான ஆணியில் மாட்டிய கண்ணாடி, பின்னால் மேல்விளிம்பில் அது முட்டுக் கொடுத்ததால் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நிற்கும். குள்ளமான அக்காவுக்கு அதில் முகம் முழுதாகத் தெரியும்.

"அக்காகிட்ட சொல்லாத. மனசு உடைஞ்சு போயிடும்" என்றான்.

மறுநாள் காலை அண்ணி சீப்போடு கண்ணாடி முன் வந்து நின்றார். நெற்றி மட்டும்தான் தெரிந்திருக்கும். குதிகாலைத் தூக்கி, எக்கி நின்று தலைவாரிக்கொண்டார்.  அடுத்த நாளும் எக்கினார். அதற்கடுத்த நாளும்.

எப்படித் தெரியாமல் இருக்கும்? தெரிந்தால் ஏன் கேட்கவில்லை? தினமும் ஆறரை மணிக்கு அந்தச் சீப்புச் சத்தம் கேட்டதும் அவள் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தவக்கால நோன்புக்கென்று அவள் டீக்குச் சர்க்கரை போடுவதை விட்டிருந்தாள். அதற்கும் கேலி.

"நீ மிச்சம் பிடிக்கிற சர்க்கரையில ஆண்டவருக்கு டீ போட்டுக் குடுக்கப் போறியா?"

"நீங்க என்னத்த விட்டீங்க அண்ணி?"

"வெளிய சொல்லிட்டா விட்டதாகாது. போய் வேலையப் பாரு."

வாரங்கள் போயின. குருத்து ஞாயிறும் வந்து, வீட்டுக்குப் புது ஓலையும் வந்தது. இவள் மட்டும் இளைத்துப்போனாள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றவள், தன் முறை வந்ததும் திரும்பி வந்துவிட்டாள். சொல்ல வேண்டிய ஆள் சாமியார் இல்லை என்று அவளுக்குத் தெரியும். சொன்னால் இந்த வீட்டில் கிடைத்த ஒரு தாயும் போய்விடுவாள் என்றும் தோன்றியது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய சனிக்கிழமை காலை. முதல் நாள் பெரிய வெள்ளியின் துக்கத்தில் பீடம் துணியில்லாமல் வெறுமையாகக் கிடந்தது. சக்ரீஸ்து அறையில் இருவருமாக வெள்ளைப் பீடத் துணியை விரித்தார்கள். ஈரம் தெளித்து, ஆளுக்கொரு முனை பிடித்து இழுத்தால்தான் சுருக்கம் போகும்.

"இழு" என்றார் அண்ணி.

அவள் இழுக்கவில்லை.

"அண்ணி... கண்ணாடிக்குப் பின்னால இருந்த சிலுவை... நான்தான் பையில போட்டேன். தெரியாமப் போட்டுட்டேன் அண்ணி."

அண்ணி துணியை விடவில்லை. "தெரியும்."

"எப்ப?"

"டிரம்முகிட்ட பையைக் கவுத்தேன். முதல்ல அதுதான் வந்து விழுந்துச்சு. அந்தக் கோண முடிச்சு எனக்குத் தெரியாதா? கைப்பையில எடுத்துக்கூட வச்சுட்டேன். அப்பறம் தையல்காரம்மா ஞாபகம் வந்துச்சு. ஊரு பூரா கத்திப் பிடுங்கிட்டு, நான் மட்டும் ஒளிச்சு வச்சிருக்கேனே. வெக்கமாப் போச்சு. ரொம்ப நேரம் டிரம்மு பக்கத்துலயே உக்காந்திருந்தேன். பிறகு நானேதான் போட்டேன். நீ இல்ல."

 அவள் கண்ணீர் துணியில் விழுந்தது.

"தண்ணி நான் தெளிச்சாச்சு, நீ வேற தெளிக்காத" என்றார் அண்ணி. பிறகு தானாகச் சிரித்தார். "கடைசி பெஞ்சை விட்டு நகராத மனுஷன். அன்னைக்கு ஊரு நெத்தியில எல்லாம் நின்னாரே! சாமியார் நெத்தியில கூட. உன் நெத்தியில கொஞ்சம் தாராளமாவே."

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை கேக்கல? நான் தினம் செத்துச் செத்துப் பொழைச்சேன்."

"அதைத்தான்டி விட்டேன். நீயா வந்து சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு. என் வாயைப் பத்தி உனக்குத் தெரியுமில்ல? உனக்குச் சர்க்கரை இல்லாத டீ, எனக்கு இது."

"ஞாயித்துக்கிழமை நோன்பு கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அன்னைக்காவது கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டிருக்கலாம். ஆரம்பிச்சா திங்கக்கிழமை நிறுத்த வராதுன்னு பயம்." அண்ணி தன் முனையை ஆட்டினார். "இப்ப இழுக்கிறியா? பீடம் காத்துக்கிட்டு இருக்கு."

அவள் இழுத்தாள். துணி படாரென்று விறைத்து நின்றது.

வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த வருஷத்துப் புது ஓலையைக் கிழித்து ஒரு சிலுவை கட்டி, கண்ணாடிக்குப் பின்னால் செருகினாள். கண்ணாடி முன்னால் சாய்ந்தது. அண்ணி எட்டிப் பார்த்தார்.

"ஒரு கை நீளமா இருக்கே?"

"வேணும்னுதான் கட்டினேன்."

"அடுத்த வருஷம் பையோட வந்து இதையும் கேப்பேன். அழுதா விட மாட்டேன்."

"குடுப்பேன் அண்ணி."

கொடுத்தாள். ஒவ்வொரு வருஷமும் கொடுத்து, ஒவ்வொரு வருஷமும் புதிதாகக் கட்டினாள். இப்போது கோணிப்பையோடு படியேறுவது அவள்தான்.

அண்ணிக்கு எழுபத்தெட்டு வயது. முழங்கால் மாடி ஏற விடாததால் அதே கட்டடத்தில் கீழ்த்தளத்து அறையை எடுத்து, மூவரும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர் கட்டில் சன்னலோரம், கண்ணாடிக்கு எதிரே. பக்கத்து மேசையில் விரித்திருப்பது பச்சை.